மோட்டாருக்குள் போன தண்ணீர்

ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள் காலை, பெரிய மார்க்கெட் அருகே என் கார் நின்றுபோனது. முதலில் ஒரு உதறல். அடுத்து ரப்பர் கருகுவது போன்ற வாடை. பிறகு மிதியை அழுத்தினால் பின்னாலிருந்து முனகல் மட்டும் வந்தது, சக்கரம் அசையவில்லை. மூட்டை இறக்கும் லாரிகள் பாதி வீதியை அடைத்திருந்தன. மீதிப் பாதியை நான் அடைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. மின்சாரக் கார் என்பதே ஊருக்குப் புதிது. இரண்டு கதவு, குட்டை மூக்கு, பின்னால் குழந்தைகள் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு இருக்கை. அது சும்மா நின்றாலே நாலு பேர் கூடுவார்கள். நின்றுபோனபோது நாற்பது பேர் கூடினார்கள்.

"இன்னா மேடம், பெட்ரோல் போட மறந்துட்டீங்களா?" என்றார் ஒரு மூட்டை தூக்குபவர்.

"இது கரண்டுல ஓடுற வண்டிங்க."

"அப்ப கரண்டு கட்டா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம். நீங்க செகண்டு கியர்ல போட்டுக்கோங்க."

"கியர் கிடையாது."

"சரி, கிளட்ச மட்டும் மிதிங்க."

"அதுவும் கிடையாது."

"இன்னாதான்மா இருக்குது இதுல?"

பதிலுக்குக் காத்திராமல் தள்ளினார்கள். மீன் விற்கும் பக்கத்து வாசல்வரை தள்ளிப் பார்த்துவிட்டு, எஞ்சின் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிக் கலைந்தார்கள். அதில் எஞ்சினும் கிடையாது.

கிளட்ச் இல்லை என்பதற்காகவே அந்தக் காரை வாங்கினேன். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் இடது கால் பலம் இழந்தது. காலைத் தாங்கும் இரும்புச் சட்டமான காலிப்பர் மாட்டி நடக்கிறேன். பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் சில வருடம் போனேன். மழை நாளில் இரண்டு முறை சறுக்கி விழுந்தபின் அதை விற்றுவிட்டேன். இந்தக் காரில் இரண்டே மிதிகள். இரண்டுக்கும் வலது கால் போதும்.

அதுவரை ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக, மேஜையில் உட்கார்ந்து பிறர் கொண்டுவரும் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன். நிருபர் வேலை கேட்டபோதெல்லாம், "அலையணுமே, எப்படிப் போவீங்க?" என்பதுதான் செய்தி ஆசிரியரின் பதில். கார் வந்ததும் அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று. மார்க்கெட்டும் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகமும் பார்த்துக்கொள்ளுங்கள், பொங்கல்வரை பார்க்கலாம் என்றார். விலை, வரத்து, ஏலத் தகராறு, படகு பழுது. எல்லோரும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட பிரிவு. எனக்கு வேண்டியிருந்தது. கார் ஓடாவிட்டால் நான் மேஜைக்குத் திரும்ப வேண்டும்; திரும்பினால் மறுபடி எழுந்து போக விடமாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று என்னை வீடு சேர்த்தவர் எங்கள் வீதி ஆட்டோக்காரர். ஐம்பது தாண்டியவர், பஞ்சாலையில் நூல் பிரிவில் வேலை பார்த்து, ஆலை ஓட்டம் குறைந்தபின் ஆட்டோ ஓட்ட வந்தவர். பல வருடம் என்னை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் விட்டது அவர்தான். நான் கார் வாங்கியதில் அவருக்கு ஒரு நிரந்தர சவாரி போயிற்று. அதை அவர் மறைக்கவும் இல்லை, பெரிதுபடுத்தவும் இல்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல, பொம்ம வண்டி வேணாம்னு. உக்காரு. ஸ்டீரிங்க மட்டும் புடி" என்றார். ஆட்டோவை என் காருக்குப் பின்னால் கொண்டுவந்து, ஒரு காலை வெளியே நீட்டி என் பம்பரில் ஊன்றி, மிஷன் வீதி தாண்டித் தள்ளிக்கொண்டே வந்தார். ஸ்கூட்டர்களை அப்படித் தள்ளிப் பார்த்திருக்கிறேன். ஒரு கார் அப்படிப் போவதை அன்று ஊரே பார்த்தது.

சென்னையிலிருந்து விற்பனையாளரின் பொறியாளர் பஸ்ஸில் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும், சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வேலை செய்கிற ஆள். விரித்துக்கொள்ள ஏதாவது கேட்டார். எங்கள் பத்திரிகையின் பழைய பிரதிகளைக் கொடுத்தேன். அதன் மேல் படுத்து, பின் சக்கரத்துக்கு அருகே இருந்த மோட்டாரைக் கழற்றி வெளியே எடுத்தார். மூடியைத் திறந்ததும் கறுப்புக் கூழ் வழிந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார்.

"டீசல் வாசன வருது" என்றார். அவருடைய முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது. "மேடம், இந்த வண்டியை எங்கயாவது வாட்டர் சர்வீஸ் விட்டீங்களா? அடியில தண்ணி அடிச்சாங்களா?"

"அந்தப் பக்கமே போகலியே" என்று உடனே பதில் சொன்னார், சுவரோரம் நின்றிருந்த ஆட்டோக்காரர்.

அவர் போயிருந்தார். பூஜைக்கு முந்தின நாள் தன் ஆட்டோவைக் கழுவ விட்டபோது என்னிடம் சாவி வாங்கி என் காரையும் ஓட்டிப்போனார். ஊரில் எந்த வண்டியும் பூஜை அன்று அழுக்காக இருக்கக் கூடாது. வண்டியை மேலே தூக்கி, அடியில் பீச்சி அடிக்கச் சொல்லி, துருப் பிடிக்காமல் இருக்க டீசல் ஸ்ப்ரேயும் செய்யச் சொல்லி, காசு வாங்க மறுத்துவிட்டார். மனசார செய்தது. டீசலே குடிக்காத வண்டிக்கு டீசல் அபிஷேகம் என்று அன்று நாங்கள் இருவரும் சிரித்தோம்.

"விட்டோம்" என்றேன். "தண்ணியும் அடிச்சாங்க. டீசலும் அடிச்சாங்க."

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. "இன்னாம்மா நீ! கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கினு."

பொறியாளர் எழுந்து உட்கார்ந்தார். "இத நான் எழுதினா வாரண்டி வராது மேடம். புது மோட்டார் உங்க செலவுலதான்."

"எழுதுங்க. எழுதறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. விக்கும்போது மழையில ஓடும்னு சொன்னீங்கல்ல?"

"ஓடும்."

"எங்க ஊர்ல கார்த்திகை மாசம் ரெயின்போ நகர்ல தண்ணி முழங்கால் வரைக்கும் நிக்கும். தண்ணி மேலேர்ந்து வராது, கீழேர்ந்துதான் வரும். அப்ப மட்டும் உள்ள போகாதா?"

"பிரஷர்ல அடிக்கிறது வேற, மழை வேற மேடம்."

"சரி. எந்த வழியா உள்ள போச்சுன்னு காட்டுங்க."

அது நியாயமான கேள்வி என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பிகள் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம். அது பள்ளத்தில் முழுதாக உட்காராமல் ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. மடிந்த இடத்தில் ரப்பர் அப்படியே படிந்து போயிருந்தது. தொழிற்சாலையில் பொருத்திய நாளிலிருந்தே அந்த நிலைதான். அவர் அதை நகத்தால் நிமிர்த்திப் பார்த்தார். விட்டதும் பழைய மடிப்புக்கே போயிற்று. பிறகு, "இது நீங்க செஞ்சது இல்ல" என்றார்.

அறிக்கையை என் வாசலில் உட்கார்ந்தே எழுதினார். வாசித்துக் காட்டச் சொன்னேன். முதலில் வண்டியின் உரிமையாளர் தண்ணீர் அடித்ததால் பழுது என்று ஒரு முழுப் பத்தி. ரப்பர் கடைசி வரியில், அதுவும் 'மேலும்' என்ற சொல்லுக்குப் பின்னால். நான் செய்தியைத் திருத்திப் பிழைப்பவள். இரண்டும் நடந்தவை, இரண்டையும் ஒரே அளவில் அடுத்தடுத்து எழுதுங்கள், காரணம் எது என்பதைப் படிப்பவர் முடிவு செய்யட்டும் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். ஆனால் அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

விற்பனையாளரின் மேலாளர் ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினார். மிக மரியாதையான குரல். மோட்டார் வர நாளாகும். அதற்குப் பதில் காரையே திரும்ப எடுத்துக்கொள்கிறோம், நல்ல பெட்ரோல் கார் ஒன்றுக்கு ஏற்பாடு செய்கிறோம், ஒரு டிரைவர் வைத்துக்கொள்ளுங்களேன் என்றார்.

"எனக்கு மோட்டார் வேணும்" என்றேன்.

வீட்டிலும் அலுவலகத்திலும் மேலாளர் சொன்னதையே சொன்னார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. எல்லோருக்கும் என்னைப் பத்திரமாக ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான். நான் தினமும் காலை அலுவலகத் தொலைபேசியிலிருந்து சென்னைக்குப் பேசினேன். கோபப்படவில்லை. மோட்டார் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். நாளடைவில் அங்கிருந்த வரவேற்பாளர் பெண், நான் வணக்கம் சொன்னதுமே, "இன்னும் வரலைங்க மேடம்" என்று ஆரம்பித்தாள்.

அந்த இடைக்காலத்தில் பிரிவை நான் விடவில்லை. மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் போனேன். துறைமுகத்துக்கு மரப்பாலம் நிறுத்தம்வரை பஸ், அதற்குப் பிறகு நடை. காலிப்பர் பட்டை தொடையில் உராய்ந்து புண்ணானது. செய்தி ஆசிரியர் கவனித்திருக்கிறார். "எதுக்கு இவ்வளவு கஷ்டம்? வேற ஆளைப் போடறேன்" என்றார்.

"பொங்கல் வரைக்கும்னு சொன்னீங்க சார். பொங்கல் இன்னும் வரல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு ஆளைப் போடவில்லை.

ஆட்டோக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசாமல் சவாரி ஓட்டினார். மூன்றாம் நாள் மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "நான் பொய் சொன்னது உனக்காகத்தாம்மா" என்றார்.

"தெரியும்ண்ணா."

"அப்பறம் இன்னாத்துக்குக் காட்டிக் குடுத்த?"

"மறைச்சு மோட்டார் வாங்கியிருந்தா, அதே மாதிரி இன்னொன்னு வந்திருக்கும். மழையில மறுபடியும் நீதான் கால் நீட்டித் தள்ளணும்."

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான். எனக்கும் முட்டி வலிக்குது" என்றார்.

மோட்டார் ஒரு மரப்பெட்டியில் லாரி பார்சலில் வந்தது. ரப்பர் பற்றி அறிக்கையில் இருந்ததால் நிறுவனத்தின் செலவிலேயே. மறுநாள் அதே பொறியாளர் வந்து பொருத்தினார். ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வீதியில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார்.

"வாட்டர் சர்வீஸ் போயிட்டு வந்து போடறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். "மேடம், வேணாம். இப்பத்தான் மாட்டியிருக்கேன்."

"அதனாலதான். நிக்கறதா இருந்தா நீங்க பக்கத்துல இருக்கும்போதே நிக்கட்டும். நடு மழையில துறைமுகத்துல நின்னா நான் யாரைக் கூப்பிடறது?"

"கம்பெனி ஒத்துக்காது."

"கம்பெனி மழையில ஓடும்னு சொல்லியிருக்கு."

எதிர் வீட்டு நிழலிலிருந்து ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார்: "போய்ட்டு வாங்க தம்பி. அந்தம்மா வுடமாட்டாங்க. நானே பாத்துட்டேன்."

போனோம். நான் ஓட்டினேன், பொறியாளர் அருகில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சர்வீஸ் நிலையத்துப் பணியாள் காரை ஞாபகம் வைத்திருந்தார். டீசல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வண்டி மேலே போயிற்று. குழாயிலிருந்து தண்ணீர் கத்தி போல அடித்தது. அடி முழுவதும், மோட்டாரைச் சுற்றிலும், கம்பி நுழையும் இடத்திலும் அடிக்கச் சொன்னேன். பொறியாளர் சிறிது நேரம் வேறு பக்கம் திரும்பி நின்றார். பிறகு அவரும் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். கடைசியில் குழாயைத் தன் கையில் வாங்கி, பணியாள் விட்ட ஒரு மூலையில் அவரே அடித்தார்.

கீழே இறக்கி, சாவியைத் திருகி, மிதியை அழுத்தினேன். சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

பேருந்து நிலையத்தில் அவரை இறக்கிவிட்டபோது மழை தொடங்கியிருந்தது. இறங்குவதற்கு முன் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "இதை ரிப்போர்ட்ல எழுதலாமா வேணாமான்னு தெரியல" என்றார். எழுதுங்கள் என்றேன்.

புயல் எச்சரிக்கையால் கடலுக்குப் போன விசைப்படகுகள் திரும்பிக்கொண்டிருப்பதாகக் காலையிலேயே கேள்விப்பட்டிருந்தேன். வீட்டுக்குப் போகாமல் தேங்காய்த்திட்டுக்குத் திருப்பினேன். வழியில் ஒரு திருப்பத்தில் தண்ணீர் சக்கரத்தின் பாதி வரை நின்றது. பைக்குகளை இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கார் அந்தப் பக்கம் ஏறியது.

ஏலக் கூடத்தில், எப்போதும் எனக்கு விலை சொல்லும் மீன்கார அம்மா முக்காடாகப் போட்ட பாலித்தீன் உறைக்குள்ளிருந்து பார்த்தார். "இந்த மழையில எப்புடி வந்த?"

"கார்லதான்."

"ஓடுதா அது? சரி, வந்ததுக்கு நல்லாப் பாத்துக்கோ. எல்லாப் படகும் ஒண்ணா வந்துட்டுது. சங்கரா மீனு கேக்க நாதியில்ல. காலையில வித்ததுல பாதிகூட வரல. எழுது."

எழுதினேன். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடித்துக்கொண்டு கரை சேர்ந்தன. கூடைகள் ஏறிக்கொண்டே இருந்தன, விலை இறங்கிக்கொண்டே இருந்தது. கூடத்தின் ஓரத்திலிருந்து அலுவலகத்துக்குப் போன் செய்தேன். செய்தி ஆசிரியரே எடுத்தார்.

"துறைமுகத்துல யாராவது இருக்காங்களான்னு இப்பத்தான் தேடிட்டிருந்தேன்" என்றார்.

"நான் இங்கதான் இருக்கேன் சார். முதல் பக்கத்துல அரைப் பத்தி இடம் வையுங்க. கடைசிப் படகு வந்ததும் கிளம்பறேன்."