ஒன்று என்று எண்ணாத அப்பா

என் அப்பா எதை எண்ணினாலும் ஒன்று என்று தொடங்கமாட்டார். எங்கள் மயிலத்துப் பக்கம் களத்தில் நெல்லோ, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையோ அளக்கும்போது முதல் மரக்காலை ‘லாபம்’ என்று சொல்லித்தான் கொட்டுவார்கள். பிறகுதான் ரெண்டு, மூணு. மற்றவர்கள் அந்தப் பழக்கத்தைக் களத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். அப்பா கூடவே கூட்டிவந்துவிட்டார். மாடிப்படி, மாத்திரை, என் கல்யாணப் பந்தியில் போட்ட இலை, எல்லாவற்றுக்கும் லாபம்தான்.

போன வருடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து தலையில் நாலு தையல். அம்மா போனபிறகு ஊரில் தனியாக இருக்கிறவர். “மறுபடி விழுந்தா யாரு தூக்குவா? விழுப்புரம் வந்துடுங்க” என்று நான் மிரட்டாத நாளில்லை. மனிதர் மசியவே இல்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தையல் பிரிக்கும் அன்று டாக்டர் என்ன சொல்கிறாரோ அதன்படி கேட்பது. தனியாக இருக்கலாம் என்றால் ஊர், கூடாது என்றால் என் வீடு.

விழுப்புரம் ஆஸ்பத்திரி டாக்டர் இளம்பெண், சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். “ஐயா, ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க பார்க்கலாம்” என்றார்.

“லாபம், ரெண்டு, மூணு…” அப்பா கணீரென்று ஆரம்பித்தார்.

“இருங்க, முதல்ல என்ன சொன்னீங்க?”

“லாபம்.”

“அது நம்பர் இல்லீங்களே.”

“ஆமா. அதான் மொதல்ல வருது.”

டாக்டர் எழுத ஆரம்பித்தார். பிறகு ஒரு விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். லாபம். இரண்டு விரல். ரெண்டு. மறுபடி ஒரு விரல்.

“அதே லாபந்தாம்மா. நீ மடக்கி மடக்கி நீட்டிக்கினு இருந்தா மாறிடுமா?”

நான் தமிழ் வாத்தியார். ஒரு வரியில் விளக்கியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. என் மனசுக்குள் அப்பாவுக்குக் கட்டில் வாங்கி ஜன்னலோரம் போட்டும் ஆகிவிட்டது.

“கொஞ்சம் குழப்பம் இருக்கு. தனியா விடறது சரியில்ல” என்றார் டாக்டர். அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. “இவன கேளுங்கம்மா. புள்ளைங்களுக்குப் பாடம் சொல்றவன்” என்று என்னைக் காட்டினார்.

இனித் தப்பிக்க வழியில்லை. ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. லாபம் வடசொல், ‘லப்’ என்ற வேரிலிருந்து வந்தது, அந்த வேருக்குப் பெறுதல் என்றுதான் பொருள், நாம் ‘பேறு’ என்கிறோமே, ஏறக்குறைய அது. ஆதாயம், பெருக்கம் எல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. கைக்கு வந்து சேர்ந்ததே பெரிசு என்று நினைத்த யாரோதான் முதல் மரக்காலுக்கு அந்தப் பேரை வைத்திருக்க வேண்டும் என்று நான் போய்க்கொண்டிருந்தபோது, டாக்டர் எழுந்து வந்து என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“சார், நீங்களும் எங்கயாவது விழுந்தீங்களா?”

நல்லவேளை, தையல் பிரிக்க வந்த நர்ஸ் விக்கிரவாண்டிக்காரர். கேட்டதும் சிரித்துவிட்டார். “எங்கூட்லயும் நெல்லு அளந்தா அப்படித்தான் மேடம்.” அவ்வளவுதான். டாக்டர் எழுதியதையெல்லாம் அடித்தார். கிழமை, ஊர், காலையில் சாப்பிட்டது என்று கேட்டதற்கெல்லாம் அப்பா பிசகாமல் பதில் சொன்னார். தாராளமாகத் தனியாக இருக்கலாம் என்று தீர்ப்பாயிற்று.

ஊருக்குத் திரும்பும் திண்டிவனம் பஸ் டோல்கேட்டைத் தாண்டியது. அப்பா என்னைப் பார்க்காமலே கேட்டார். “ஒனக்குத் தெரியாத சங்கதியா? அந்தம்மா எழுதிக்கினே இருந்துச்சு, நீ பார்த்துக்கினு இருந்த.”

எனக்கு வெட்கமாக இருந்தது. “நீங்க கூட இருந்தா எனக்கு நல்லா இருக்கும்பா” என்றேன்.

மயிலம் கூட்டு ரோட்டில் இறங்க எழுந்தவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

“இத்தன நாளா விழுவேன், விழுவேன்னுதான் சொல்லிக்கினு இருந்த. இத நீ சொல்லவே இல்லியே” என்றார். கண்டக்டர் விசில் ஊதினார்.