பொரித்த ஐஸ்கிரீமும் அம்மாவின் தகரப் பெட்டியும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஐஸ்கிரீமை எண்ணெயில் பொரித்தாள். கைப்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்து, அதற்குள்ளிருந்து யாரோ ஒரு பெண் சொல்வதை அப்படியே செய்தாள். உருண்டையை எண்ணெயில் விட்டதும், "எட்டு செகண்டுதான் பா, பேசாதீங்க" என்றாள். நான் வாயையே திறக்கவில்லை. திறக்கப் போகிறேன் என்பது இந்த வீட்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

காய்ந்த எண்ணெய், வெனிலா, கருகத் தொடங்கும் ரொட்டி, மூன்றும் கலந்து ஒரு வாசனை வந்தது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறவில்லை. கை தானாகப் போய் ஐஸ்பெட்டியின் பிளக்கைத் தொட்டுப் பார்த்தது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஈப்போவில் ஒரு டயர்க் கடையில் வேலை. அம்மாவும் அப்பாவும் செமோருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் பால் எடுத்தவர்கள். மகன் டயர் விற்றான். குடும்பத் தொழிலை நான் கைவிட்டதாக யாரும் சொல்ல முடியாது.

அப்பா போன மறு வருஷம் தோட்டம் கைமாறியது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை ஆறு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தன. அந்த வெறிச்சோடிய லயத்தில் அம்மாவைத் தனியாக விட எனக்குப் பயம். ஈப்போவில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்துக் கூப்பிட்டேன். சம்மதித்தாள், ஆனால் நிபந்தனையோடு.

"ஒரு மாசம் இருந்து பாக்கிறேன். புடிக்கலன்னா பஸ்ஸு ஏத்தி விட்டுடணும். காலி பண்ற கடைசி நாளு வரைக்கும் நான் அங்கதான்."

நீலத் தகரப் பெட்டி ஒன்றைக் கட்டிலோரம் வைத்தாள். அதைப் பிரிக்கவே இல்லை. மேலாக இருந்த இரண்டு சேலையைத்தான் மாற்றி மாற்றிக் கட்டினாள். துவைத்து, காயவைத்து, மடித்து, மறுபடி பெட்டிக்குள். நான் வாங்கிப் போட்ட அலமாரி காலியாக நின்றது. நான் தினமும் வேலையிலிருந்து வந்ததும் முதலில் பார்ப்பது அம்மாவின் முகத்தை அல்ல, அந்தப் பெட்டியின் கொண்டியை. மூன்று வாரம் இப்படியே போயிற்று.

இதில் ஐஸ்கிரீம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தோட்டத்துக்குச் சம்பள நாளில் ஒரு ஐஸ்கிரீம்காரர் மோட்டார் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வருவார். அம்மாவுக்கு ஐஸ்கிரீம் என்றால் உயிர். ஆனால் பல் கூசும். அதனால் தன் பங்கை ஒரு பீங்கான் கோப்பையில் வாங்கி வைத்து, அது முழுக்கக் கரைந்த பிறகு காப்பி மாதிரிக் குடிப்பாள். பெரியவர்களுக்கு ஐஸ்கிரீம் தண்ணியாகத்தான் விற்பார்கள் என்று எட்டு வயதுவரை நான் நம்பியிருந்தேன். ஏன் எட்டோடு நிறுத்தினேன் என்பது ஞாபகமில்லை.

அந்த மாதம் எங்கள் டவுக்கே, அதாவது முதலாளி, ஒரு சீன உணவகத்தில் விருந்து வைத்தார். கடைசியாக வந்தது பொரித்த ஐஸ்கிரீம். வெளியே சூடு, உள்ளே குளிர். சூடும் குளிரும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டால் அம்மாவின் பல்லுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது என்று அங்கேயே ஒரு முடிவுக்கு வந்தேன். பள்ளியில் அறிவியலுக்கு நான் வாங்கிய புள்ளிகளை இங்கே சொல்வதற்கில்லை. தோட்டத்தில் கிடைக்காத ஒன்றை இந்த வீட்டில் செய்து கொடுத்துவிட்டால் அம்மா தங்கிவிடுவாள் என்பதுதான் உள்ளே ஓடிய நினைப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் உருண்டை பிடித்து ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் வைத்தேன். ஞாயிறு காலை அம்மா எழும் முன்பே திறந்தால், கீழ்த்தட்டில் இருந்த கெம்போங் மீன் பாலில் மிதக்கிறது. பிளக் பிடுங்கிக் கிடந்தது.

தோட்டத்தில் மின்சாரம் ஆலை இஞ்சினிலிருந்து வரும். சாயங்காலம் ஆறுக்கு வந்து பத்துக்குப் போய்விடும். முப்பது வருஷம் அப்படி வாழ்ந்தவள், பத்து மணியானால் வீட்டில் ஓடுகிற எல்லாவற்றையும் தானே நிறுத்திவிட்டுப் படுப்பது வழக்கமாம். விடிந்ததும் மறுபடி மாட்டிவிடுவாளாம், அதனால் எனக்குத் தெரியாது. மூன்று வாரமாக ஐஸ்பெட்டி சரியாகக் குளிரவில்லை என்று, அதை எனக்குக் கைமாற்றிய நண்பனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"பத்து மணிக்கு மேல அது எதுக்குடா ஓடணும்? அதுவும் தூங்கட்டும்லா" என்றாள் அம்மா.

பிளக்கைச் சுவரோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டினேன். அடுத்த ஞாயிறு மறுபடி ஆரம்பித்தேன். வாழைப்பழம் பொரிக்கிற பீசாங் கோரேங் மாவுதான் எனக்குத் தெரிந்த மாவு. வாழைப்பழத்துக்கு ஒத்துவருவது ஐஸ்கிரீமுக்கும் வரும் என்று அதிலேயே தோய்த்து எண்ணெயில் விட்டேன். உருண்டை ஒரு கணம் யோசித்தது. பிறகு வாயைப் பிளந்தது. பால் எண்ணெயில் கொட்டி, பட்டாசு வெடித்து, அடுப்படி முழுக்கப் புகை. பின்வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்த சீன அம்மாள் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். "அப்பி கா?" என்றார், நெருப்பா என்று.

அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் நிதானமாகப் பதில் சொன்னாள், நெருப்பெல்லாம் இல்லை, என் மகன் ஐஸ்கிரீம் சமைக்கிறான் என்று. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். வாளியை வேலியோரமே வைத்துவிட்டுப் போனார்.

அம்மா அடுப்பருகே வந்தாள்.

"எண்ணெய் சரியாக் காயல. அதுக்குள்ள போட்டாச்சு. இது நம்ம சுசியந்தானேடா? பூரணம் வெளிய வந்தா யாரு குத்தம்?"

மிச்சம் மூன்று உருண்டை இருந்தது. ஒவ்வொன்றையும் ரொட்டித் துண்டுக்குள் வைத்து, ஓரத்தைத் தண்ணீர் தொட்டு அழுத்தி மூடி, மறுபடி ஐஸ்பெட்டிக்குள் வைக்கச் சொன்னாள். சாயங்காலம் அவளே சட்டியைக் காயவைத்தாள். என் கரண்டியை எடுத்துப் பார்த்தாள்.

"கொழம்பு ஊத்துற கரண்டில எவனாச்சும் பலகாரம் எடுப்பானா?"

அறைக்குள் போனாள். தகரப் பெட்டியின் கொண்டி விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சேலைகள், அப்பாவின் கைக்கடிகாரம், காமாட்சி விளக்கு, கம்பளி, எல்லாம் கட்டில்மேல் ஏறிக்கொண்டிருந்தன. பெட்டியின் அடியில், பழைய பேப்பரில் சுற்றி, ஒரு ஜல்லிக்கரண்டி. என் வீட்டில் தேவைப்படாது என்று நினைத்ததைத்தான் முதலில் அடியில் வைத்திருக்கிறாள்.

மூன்றும் உடையாமல் வெந்தன. ஒன்று வேலிக்கு மேலாக அந்தப் பக்கம் போயிற்று, காலி வாளியோடு. அம்மா தன் பங்கில் மேல்தோலைப் பிட்டுத் தின்றாள். உள்ளே இருந்தது பல்லில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். என் அறிவியல் அவ்வளவுதான். மிச்சத்தைக் கோப்பையில் தள்ளி, கரையும்வரை காத்திருந்து குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதுக்கா இம்புட்டு எண்ணெ?"

படுக்கப் போகும்போது கட்டில் நிறையச் சாமான். நான் உதவவா என்று கேட்கவில்லை. எங்கே பெட்டிக்குள் அடுக்கச் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

"எடுத்தது எடுத்தாச்சு. திரும்ப யாரு அடுக்குறது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அலமாரிக் கதவைத் திறந்தாள்.

மறுநாள் காலை ரேடியோ, காற்றாடி, கூடத்து விளக்கு எல்லாம் வழக்கம்போல் பிளக் பிடுங்கிக் கிடந்தன. ஐஸ்பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டிய டேப்பை உரித்து, மடித்து, மேலே வைத்திருந்தாள். மாதம் முடிந்த நாளில் பஸ்ஸைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பதினெட்டு வருஷம் என்னோடு இருந்தாள். ரப்பர்த் தோட்டம் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டமாகி, பிறகு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. இஞ்சின் கொட்டகை இருந்த இடத்தை நான் இரண்டு தடவை தேடிப் போய் இரண்டு தடவையும் வேறு வேறு இடத்தை எனக்கே காட்டிக்கொண்டேன். சீன அம்மாளின் வீட்டை வாங்கியவர்கள் வேலியை எடுத்துவிட்டு மதில் எழுப்பிவிட்டார்கள். மகள் பலகாரத்தை இடுக்கியால் எடுக்கிறாள்.

போன ஞாயிறு என் பங்கை அவள் நீட்டியபோது கொஞ்சம் இருக்கட்டும் என்றேன். கரைந்ததும் குடித்தேன். "ஐயோ, வீணாக்கிட்டீங்க பா" என்றாள். அன்றும் பத்து மணி வந்தது. வீட்டில் இருக்கிற எதுவும் நிற்கவில்லை. எல்லாம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.