குறைச் சீட்டு

அவர் விற்கும் ஒவ்வொரு பழைய கேமராவோடும் ஒரு சீட்டு போகும். அந்தக் கேமராவுக்கு என்னென்ன குறை என்று ஒன்று விடாமல் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் வைத்திருப்பார். நிறைகளைப் பற்றி மூச்சு விடமாட்டார். அதை வாங்குகிறவன் தானே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. “நல்லவேளை, நமக்குப் பொண்ணு இல்ல. இருந்திருந்தா சம்பந்தி வீட்டுக்காரங்க கையிலயும் ஒரு சீட்டக் குடுத்திருப்பீங்க” என்பாள் மனைவி.

தெருவில் அவருக்கு டார்ச்சு என்று பெயர். எந்த லென்ஸ் கைக்கு வந்தாலும் அதன் பின்பக்கமிருந்து பேனா டார்ச்சை அடித்து, வலது கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகி, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்ப்பார். தூசியா, கீறலா, பூஞ்சையா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். மற்ற நேரங்களில் சாதாரண மனிதர்தான். தையல் மிஷின் கம்பெனியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்து, கம்பெனி மூடியதும் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையை வாடகைக்குப் பிடித்துக் கேமரா ரிப்பேருக்கு உட்கார்ந்தவர். குனியாமல் எழுந்தால் தலை படியில் இடிக்கும். வருகிறவர்கள் எல்லாரும் இடித்துக்கொண்டதால், வெளிச்சம் புகாமலிருக்கக் கேமராக் கதவுக்கு ஒட்டும் கறுப்பு ஸ்பாஞ்சில் ஒரு பட்டை வெட்டிப் படியின் அடியில் ஒட்டியிருந்தார். அதன் பிறகும் இடித்துக்கொண்டார்கள், சத்தம் மட்டும் குறைந்தது.

அவருக்குச் சரக்கு கொண்டுவந்தவர் தங்கையின் கணவர். வீடு காலி செய்கிறவர்களிடம் பழைய சாமான்களை மொத்தமாக எடுப்பது அவர் தொழில். கட்டிலும் மின்விசிறியும் யாருக்கோ போகும். கேமராவும் லென்ஸும் கிடைத்தால் துண்டில் சுற்றிக்கொண்டு நேராக மச்சான் கடைக்கு வந்துவிடுவார். இருபத்திரண்டு வருஷம் இப்படி ஓடியது. இதில் சொத்தைச் சரக்கு என்று ஒன்றுகூட வந்ததில்லை. சந்தேகமாக இருந்தால், இது மழையில் நனைந்த வீட்டில் எடுத்தது மச்சான் என்று அவரே முதலில் சொல்லிவிடுவார்.

போன வருஷம்தான் குழப்பம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை கொண்டுவந்த ஒரு லென்ஸில் மங்கல் தெரிந்தது. அடுத்ததிலும் தெரிந்தது. அதற்கடுத்து வந்த மூன்றிலும் அதே மங்கல், அதே நடுப்பகுதியில், பால் பட்டுத் துடைத்த கண்ணாடி மாதிரி. டார்ச்சுக்கு மூளை வேகமாக வேலை செய்தது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மங்கல் என்றால் எல்லாம் ஒரே ஈரத்தில் கிடந்தவை. ஒரே ஈரம் என்றால் மாப்பிள்ளை வீட்டுக் குளியலறைப் பரண். சாமானை அங்கே போட்டுக் கெடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி கொண்டுவருகிறார்.

நடுவில் ஒரு ஸ்டுடியோவை மூடியபோது எடுத்த லென்ஸ் ஒன்று வந்தது. இந்த மாதிரி பீஸ் இனிமேல் கிடைக்காது மச்சான் என்று சொல்லித்தான் மாப்பிள்ளை கொடுத்தார். அதிலும் மங்கல். டார்ச்சு வளையத்தைக் கழற்றிக் கண்ணாடியை வெளியே எடுத்துத் திரவத்தில் துடைத்தார். போகவில்லை. மெருகுப் பொடி போட்டு இரண்டு நாள் தேய்த்தார். அதற்கும் போகவில்லை. கண்ணாடிமேல் ஊதா நிறத்தில் மின்னிக்கொண்டிருந்த பூச்சுதான் போனது. பூச்சு போனால் லென்ஸ் அவ்வளவுதான். அந்த ஆத்திரத்தில் இருந்தபோதுதான் மாப்பிள்ளை அடுத்த துண்டுப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்.

“ஈரத்துல போட்டுக் கெடுத்ததை எல்லாம் என் தலையில கட்டாதீங்க மாப்ள” என்றார் டார்ச்சு. கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மாப்பிள்ளை சண்டை போடவில்லை. வாங்கி வைத்த டீயையும் தொடவில்லை. பொட்டலத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு, இந்தத் தடவை குனிய மறந்து, தலையை இடித்துக்கொண்டு போய்விட்டார். அன்றோடு அவர் வரவு நின்றது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரும் தங்கையின் போனும் ஒரு வாரத்தில் நின்றது. கடைசியாகப் பேசியபோது, அவர் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை அண்ணா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அப்பா அம்மா போன பிறகு டார்ச்சுக்கு இருந்த ஒரே கூடப்பிறப்பு அவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பார். தானாகப் போன் செய்ய மனசு வரவில்லை. தப்பு அந்தப் பக்கம், நாம் ஏன் இறங்கிப் போகவேண்டும் என்று ஏழு மாதம் வீம்பாக இருந்தார். ரிப்பேருக்கு வருகிற கேமராக்களில் பெரும்பாலும் ஷட்டர் வேலை என்பதால் கண்ணாடியைப் பார்க்கும் தேவையும் அதிகம் இல்லாமல் போயிற்று.

ஒரு மத்தியானம் ஒரு கேமராவின் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இற்றுப்போன பழைய ஸ்பாஞ்ச் பிசுக்குத் தூளாகப் பறந்து வலது கண்ணில் விழுந்தது. கழுவினார். எரிச்சல் அடங்கவில்லை. கைக்குட்டையை மடித்துக் கண்ணில் கட்டிக்கொண்டு, வேலை நிற்கவேண்டாம் என்று பூதக்கண்ணாடியை இடது கண்ணுக்கு மாற்றினார். மேஜையில் மாப்பிள்ளை கொடுத்த லென்ஸ் ஒன்று காகிதம் பறக்காமல் இருக்க வைத்தபடி கிடந்தது. பழக்க தோஷத்தில் எடுத்து டார்ச்சை அடித்தார்.

மங்கலைக் காணோம்.

டார்ச்சில் பாட்டரி இறங்கிவிட்டது என்று முதலில் நினைத்தார். புதுப் பாட்டரி போட்டார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. இழுப்பறையைத் திறந்து, ஒதுக்கி வைத்த நான்கையும் வரிசையாகப் பார்த்தார். எல்லாம் பளிச்சென்று இருந்தன. கைக்குட்டையை அவிழ்த்து, எரிகிற வலது கண்ணால் பார்த்தார். அதே நடுப்பகுதியில் அதே பால் மங்கல். மூடிய கடிகாரக் கடையின் பெயர்ப் பலகை எதிரில் இருந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு அதைப் படித்துப் பார்த்தார். எழுத்துகள் கலங்கின.

சாயங்காலம் கண் டாக்டர் வலது கண்ணில் புரை என்றார், மற்ற நேரங்களில் இரண்டு கண்ணும் திறந்திருந்ததால் தெரியாமல் இருந்திருக்கும், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார். எப்போது செய்துகொள்கிறீர்கள் என்று கேட்டதற்கு, முதலில் ஒரு இடத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

தங்கைதான் கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை, ஆனால் வழி விட்டாள். மாப்பிள்ளை கூடத்தில் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். டார்ச்சு சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

‘ஒன்று: வலது கண்ணில் புரை. இரண்டு: அது தெரியாமல் ஐந்து நல்ல லென்ஸ்களைக் கெட்டது என்று ஒதுக்கினேன். மூன்று: ஸ்டுடியோ லென்ஸ் கொடுத்தபோது பழுதில்லை. நான் தேய்த்துக் கெடுத்தேன். நான்கு: நாலு பேர் முன்னால் பேசினேன்.’

மாப்பிள்ளை இரண்டு முறை படித்தார். பிறகு டார்ச்சின் பையிலிருந்த பேனா டார்ச்சை உருவி, அவர் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, வலது கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார். “ஆமா மச்சான். பீஸ் ஈரத்துல கிடந்திருக்கு” என்றார். தங்கை சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டார்ச்சுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

“கண்ணு மங்குறது யாருக்கும் வரும். இருபத்திரண்டு வருஷம் குடுத்த ஆளு இப்படிச் செய்வானான்னு ஒரு தடவை யோசிச்சிருக்கலாம்ல?”

டார்ச்சு சீட்டைத் திரும்ப வாங்கினார். மின்விசிறி மூடியின்மேல் வைத்து, ஐந்தாவதாக ஒரு வரி எழுதினார்: ‘யோசிக்கவில்லை.’ தேதி போட்டார். கையெழுத்து வைத்தார்.

மாப்பிள்ளை அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆபரேஷன் என்றைக்கு என்று கேட்டார். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளமாட்டேன், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். தங்கை டீ போட உள்ளே போனாள்.