கம்ப்யூட்டர் போட்ட வளையல் சத்தம்

எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். மீன்காரர் சிரித்துப் பேசினாலே மீனைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி ஸ்டூடியோவுக்குப் போய், எந்தக் கேள்வியும் கேட்காமல் இரண்டு வரி பாடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்போது எனக்கு எட்டாம் மாதம். கிள்ளான் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனை பாடுகிறவள் நான். காப்பித்தூள், நல்லெண்ணெய் விளம்பரங்களுக்கும் அவ்வப்போது பாடுவேன். அந்த ஸ்டூடியோவின் இசையமைப்பாளர், 'ஹவுஸ்' பாணியில் ஒரு தமிழ்ப் பாட்டு செய்துகொண்டிருந்தார். டிஸ்கோவில் டும் டும் என்று ஒரே சீராக அடிக்கும் தாளம், அதன்மேல் இரண்டே வரி திரும்பத் திரும்ப வரும். பாட வேண்டிய பெண் ஊரில் இல்லை, அவள் கேட்டுப் பழகுவதற்கு நீங்கள் பாடிக் கொடுங்கள் என்றார். மைக் முன்னால் நின்றதும் வளையலைக் கழற்றச் சொன்னார். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல், பிள்ளை பிறக்கும்வரை கழற்ற மாட்டேன் என்றேன்.

"பரவால்ல அக்கா. எப்படியும் அழிக்கிறதுதானே."

தொடையில் தட்டித் தாளம் போடாமல் எனக்குப் பாட வராது. வளையல் குலுங்கக் குலுங்கப் பாடினேன்.

மகள் பிறந்தாள். வழக்கப்படி வளையல்களைக் கழற்றிப் பிரசவம் பார்த்த தாதியிடம் கொடுத்தோம்.

சில மாதம் கழித்து, அந்த ஒரு பாட்டு மட்டும் தனிக் கேசட்டாக வந்தது. அட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண். வானொலியில் முதல் தடவை கேட்டபோது பால் கலக்கிக்கொண்டிருந்தேன். குரல் என்னுடையது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. வேகத்தைக் கூட்டியதில் பள்ளிக்கூடப் பெண் பாடுவது போலக் கேட்டது. ஆனால் தாளத்துக்கு நடுவே அந்தக் கலகலப்பு! என் வளைகாப்பு வளையலேதான்.

கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்ப்பவர், எதற்கும் அத்தாட்சி கேட்பவர். உலகத்திலேயே நீ ஒருத்திதான் வளையல் போட்டிருக்கிறாயா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். கோபம் தலைக்கேறியது. கூடவே பயமும் வந்தது. நானாகத்தான் கற்பனை செய்துகொள்கிறேனோ? என் குரல் எனக்கே தெரியவில்லையோ?

ஞாயிறு பத்திரிகையில் ஒரு விமர்சகர், இது பாட்டே இல்லை, கப்பல் எஞ்சின் என்று கிழித்துத் தொங்கவிட்டார். இன்னொரு பத்திரிகைக்காரர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அந்தக் கண்ணாடிச் சிணுங்கல் கம்ப்யூட்டரின் சாதனையாம், நம் நாட்டுத் தமிழ்ப் பாட்டில் யாரும் கேட்டிராத ஒலியாம். காஜாங் வாசகி ஒருவர், அந்த ஒலிக்காகவே கேசட் தேயத் தேயக் கேட்பதாக எழுதியிருந்தார். செராஸிலிருந்து வானொலிக்குப் போன் செய்த ஒருவர், பெரியப்பா சின்னம்மா என்று குடும்பத்தில் ஒருவர் விடாமல் வாழ்த்துச் சொல்லிவிட்டு இதே பாட்டைக் கேட்டார். இவர்களையெல்லாம் ஸ்டூடியோக்காரரே தூண்டிவிட்டிருப்பாரோ என்று சந்தேகப்பட்டேன். திட்டினால் என்னைத் திட்டுவது போல் சுட்டது. புகழ்ந்தாலோ, எவளோ அள்ளிக்கொண்டு போகிறாளே என்று அதைவிட அதிகமாகச் சுட்டது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கே போய்க் கேட்டேன்.

"உங்க டிராக்கை அன்னைக்கே அழிச்சாச்சி அக்கா. அது கம்ப்யூட்டர் சத்தம் லா," என்றார் இசையமைப்பாளர். சொன்ன கையோடு, கீழே கடைக்கு ஆளனுப்பி எனக்குத் தேத்தண்ணி வாங்கிவரச் சொன்னார். அதுவரை ஒரு கிளாஸ் தண்ணீர்கூடக் கொடுத்தறியாத மனிதர். யாருக்குக் காது குத்துகிறார்? ஆனால் வளையல் தாதியிடம் போயாயிற்று. என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை.

கப்பல் எஞ்சின் என்று எழுதிய விமர்சகர் சும்மா இருக்கவில்லை. கேசட்டை ஓடவிட்டு யாரும் வாயசைக்கலாம், மேடையில் நிஜமாகப் பாடிக் காட்டட்டும் பார்ப்போம் என்று மறுபடி எழுதினார். தீபாவளிக் கலை நிகழ்ச்சியில் அந்தப் பெண் நேரடியாகப் பாடுவாள் என்று உடனே அறிவிப்பு வந்தது.

அதற்கு முந்தின சனிக்கிழமை மதியம், எங்கள் வீட்டு கேட்டில் ஒரு பெண் நின்றாள். கறுப்புக் கண்ணாடி இல்லாததால் அடையாளம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கேசட் அட்டைப் பெண். இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். உட்காரச் சொன்னேனே தவிர, எதற்கு வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் மனசு ஓடியது. பக்கத்தில் கணவர், மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

அவள் கையை ஆட்டிக் காட்டினாள்.

"உங்க குரலைக்கூட பழகிட்டேன் அக்கா. இந்தச் சத்தம்தான் வரவே மாட்டேங்குது. பிரிக்ஃபீல்ட்ஸ்ல எல்லாக் கடையிலயும் வாங்கிப் பார்த்துட்டேன். நீங்க எந்தக் கடையில வாங்குனீங்க?"

கணவரின் கை தட்டுவதை நிறுத்தியது.

அந்த முகத்தில் கள்ளமே இல்லை. நான் சம்மதித்துத்தான் குரலைக் கொடுத்தேன் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். மாதக் கணக்கில் சேர்த்து வைத்த கோபத்தை அவள்மேல் கொட்ட மனசு வரவில்லை.

"கடையில வாங்கல தங்கச்சி. வளைகாப்புக்குப் போட்டது. வயித்துல இவ இருந்தா," என்றேன்.

அவள் என் வெறுங்கையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். போகும்போது சத்தம் வராமல் வளையல்களைப் பிடித்துக்கொண்டு போனாள்.

கணவர் மகளை என்னிடம் கொடுத்துவிட்டு, போய் வானொலியைத் திருகினார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"உன் பாட்டு எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டார்.