ஒருவழி ஏரி

ஏரி இருக்கிற இடம் பார்த்து ஊர் கட்டுவதுதான் உலக வழக்கம். இங்கே ஊரை முழுக்க வரைந்து முடித்துவிட்டு, நடுவில் மிச்சமிருந்த வெள்ளைக் காகிதத்தில் வட்டமாக ஒரு ஏரியையும் போட்டுவிட்டார்கள். சுற்றி நடைபாதை. அதிலும் ஒருவழிதான். எதிர்த்திசையில் வருகிறவர்களை ஊதி மடக்குவதால் படகுத்துறைக்காரிக்கு விசிலக்கா என்றே பெயர். படகேறுகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவதும் அவள்தான். “நான் சொல்ற வரைக்கும் கழட்டக்கூடாது” என்று குழந்தையானாலும் கலெக்டரானாலும் ஒரே அதட்டல்.

அன்று மதியம் அவள் விசிலே ஊதவில்லை. தம்பி போன் செய்து, “அக்கா, நான் வரேன்” என்று சொல்லிவிட்டு வைத்திருந்தான். திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது.

நம் பாஷையும் நல்ல பாஷை. வருகிறவனும் ‘வரேன்’ என்பான், ஒரேயடியாகப் போகிறவனும் ‘வரேன்’ என்பான். எதற்குச் சொன்னான் என்று யாரைப் போய்க் கேட்பது?

தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். பின்னால் எடுக்கும்போது சக்கரத்தில் ஒரு பிள்ளையின் கால் மாட்டி முறிந்தது. அந்தப் பிள்ளை எழுந்து ஓடியாடத் தொடங்கிவிட்டது. இவன்தான் எழவில்லை. அக்கா வீட்டுப் பின்னறையில் சுவரைப் பார்த்துக் கிடந்தான். அன்று காலையில் அவளுக்குப் பொறுமை போய், “செத்தவன் மாதிரி எத்தனை நாளைக்குடா கிடப்ப? எந்திரிச்சு அந்த ஏரிப் பக்கமாவது வாயேன்” என்று கத்திவிட்டு, கோபத்தில் சாப்பாட்டு டப்பாவைக்கூட மறந்து வந்திருந்தாள். நாக்கில் சனி. ‘ஏரி’ என்று வேறு தானே வாயால் சொல்லித் தொலைத்திருந்தாள்.

நடைபாதை பெருக்குகிறவர் வந்தார்.

“உன் தம்பி ஏரி வாசல் பக்கம் கம்பியப் பிடிச்சுட்டு தண்ணியவே பார்த்துட்டு நிக்கிறான்மா. கூப்பிட்டேன், திரும்பல.”

வழிப்படி போனால் வாசலுக்கு முக்கால் சுற்று. எதிர்த்திசையில் கால் சுற்றுதான். எதிர்த்திசையில் ஓடினாள். நடக்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள். “என்ன விசிலக்கா, ஊருக்குத்தான் உபதேசமா?” என்றார் ஒருவர். அவள் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

வாசல் பக்கத்துக் கம்பியருகே யாருமில்லை. கீழே தண்ணீர் மட்டும் அலைந்துகொண்டிருந்தது. அவள் கம்பியைப் பிடித்து எட்டிக் குனிந்து பார்த்தாள்.

“அக்கா.”

பின்னால் குடிதண்ணீர்க் குழாயில் பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தான். கக்கத்தில் அவளுடைய சாப்பாட்டு டப்பா.

ஓங்கி ஒன்று வைத்தாள். “போனை ஏன்டா அணைச்ச?”

வாங்கிக்கொண்டு பாட்டிலை மூடினான். பிறகு, “போன்ல நான் சொன்னது போறவன் சொல்ற வரேன்தான்கா” என்றான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கதவத் திறந்தா உன் டப்பா வாசல்லயே இருந்துச்சு. பசியோட நிப்பியேன்னு எடுத்தேன். இங்க வந்து நின்னப்பவும் புத்தி தண்ணிக்குள்ளதான் போச்சு. இந்த டப்பா கையில இருந்துச்சு, அதான் திரும்பிட்டேன்.”

அந்தப் பிடியைப் படகுத்துறை வரை விடவில்லை. பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டி, எல்லாக் கொக்கிகளையும் இழுத்துப் பூட்டினாள்.

“நான்தான் படகுல ஏறலையேக்கா.”

“ஏறாட்டி பரவால்ல” என்றாள், டப்பாவைத் திறந்துகொண்டே. “நான் சொல்ற வரைக்கும் கழட்டக்கூடாது.”