பல்லில் கடித்த நூல்

பாரிஸின் லா சப்பலில் எனக்குப் புருவம் திருத்தும் அக்கா நல்ல உயரம். வெயில் காலத்திலும் கழுத்தில் சால்வை சுற்றியிருப்பார். வேலை இல்லாதபோதும் நூலைப் பல்லில் கடித்தபடியே நிற்பார். எது கேட்டாலும் தலையாட்டல்தான் பதில். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம் அது என்று மெல்ல எனக்குப் புரிந்தது. நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. இங்கே ஒரு கதை கிளம்பினால் பொழுதுபடுமுன் கார்ஜ் புறநகர்த் தமிழர் வீடுகள் வரை போய்விடும்.

அன்று என் ஆறு வயது மகள் பக்கத்தில் நின்று போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் தம்பி என்று கூப்பிட்ட முயல்குட்டி, தான் தங்கச்சி என்று சொன்னது. மகள் நிமிர்ந்தாள்.

"அக்கா, நீங்களும் இந்த முயல் மாதிரியோ?"

காத்திருந்த இரண்டு பெண்களும் திரும்பினார்கள். நான் பதறி எழுந்து மகளின் வாயைப் பொத்தினேன். அக்கா பல்லிலிருந்து நூலை எடுத்தார்.

"ஓம், செல்லம்."

தடித்த குரல்.

பிள்ளையை இழுத்துக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடினேன். ரயில் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. ஒரு புருவம்தான் திருத்தியிருந்தது. அந்த இரண்டு பெண்களோடு அவரைத் தனியே விட்டுவிட்டு வந்திருந்தேன்.