பானைக்கு அடியில் விரித்த நாளிதழ்

1. பேப்பர் நனைஞ்சா அவுட்

"கிரேஸ் மேடம், இங்கன வாங்க. பேப்பர் நனைஞ்சிருக்கு."

கூப்பிட்டது எங்கள் அறக்கட்டளைத் தலைவர். அவர் நின்றுகொண்டிருந்தது இசக்கியம்மாளின் பானைக்கு முன்னால்.

நான் செராமிக் டெக்னாலஜியில் டிப்ளமோ படித்தவள். மின்கம்பத்துக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் கம்பெனியில் பல வருஷம் உலைப் பிரிவைப் பார்த்துவிட்டு, கடைசியாகச் சேர்ந்த இடம் ஒரு கலை அறக்கட்டளை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், தென்னந்தோப்புக்கு நடுவே அதன் கட்டடம். பின்பக்கம் ஒரு பெரிய கேஸ் உலையும் வேலை செய்யக் கொட்டகையும் உண்டு. உலைக்கு நான்தான் பொறுப்பாளர். வருஷத்துக்கு ஒருமுறை, செராமிக்கில் புதுமை செய்யும் கலைஞர் ஒருவருக்கு அறக்கட்டளை விருது கொடுக்கும். கேடயமும் சால்வையும் எல்லா விருதுக்கும் உள்ளதுதான். இந்த விருதின் உயிர் வேறு இடத்தில் இருந்தது. ஜெயித்தவர் ஒரு வருஷம் அந்த உலையையும் கொட்டகையையும் தன் இஷ்டப்படி பயன்படுத்தலாம்.

சொந்த உலை இல்லாத கலைஞருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. மண்ணை எங்கே வேண்டுமானாலும் பிசையலாம், வீட்டு மாடியில்கூட. சுடுவதற்கு உலை வேண்டும். சுடாத பானை வெறும் மண், அவ்வளவுதான்.

நடுவர் கூட்டம் எப்போதும் குற்றால சீசனில்தான் நடக்கும். ஏன் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். தலைவர் சிரித்தார்.

"மெட்ராஸ்லேருந்தும் பெங்களூர்லேருந்தும் சும்மா கூப்பிட்டா யாரு வருவா? அருவில தண்ணி விழுதுன்னு சொல்லுங்க, ஓடி வருவாங்க."

தலைவர் இந்த ஊர்க்காரர். பெரிய வீட்டுப் பிள்ளை, பேச்சில் இனிப்பு சொட்டும். அவர் ஏற்படுத்திய வழக்கம்தான் தண்ணீர் சோதனை. கலயமோ குடமோ, பாத்திரமாக வருகிற எதுவும் முதலில் தண்ணீர் தாங்க வேண்டும். காலையில் நிரப்பி, அடியில் நாளிதழை விரித்து வைப்போம். மதியம் பார்க்கும்போது நாளிதழ் நனைந்திருந்தால் அது போட்டியில் இல்லை. "கலை எல்லாம் பெறவு. பானைன்னா மொதல்ல ஒழுகப்பிடாது" என்பார். அதில் எனக்கும் உடன்பாடுதான். சொல்லப்போனால் ரொம்பப் பிடித்த விதி. பேப்பருக்குப் பெரிய இடத்துச் சிபாரிசு தெரியாது என்று பெருமையாக நினைத்துக்கொள்வேன். என் புத்தியை என்ன சொல்ல!

2. துளிகள்

இசக்கியம்மாளுக்குச் சொந்த ஊர் வாசுதேவநல்லூர். கவின்கலை படித்துவிட்டு, தென்காசியில் ஒரு டைல்ஸ் ஷோரூமில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கப் பாத்ரூம் டைல்ஸ் காட்டுவாள். ராத்திரி மண் பிசைவாள். அவள் படித்த கல்லூரியில் ஒரு சின்ன மின் உலை இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதில் சுட்டுக்கொண்டு வருவாள். அந்த வருஷம், இனிமேல் வெளி ஆட்களுக்கு உலை கிடையாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

"அக்கா, இந்த விருது கெடைச்சாத்தான் நான் மேக்கொண்டு சுட முடியும். இல்லன்னா இதான் என் கடைசிப் பானை" என்றாள், கொண்டுவந்து வைத்த அன்று. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கை இரண்டும் மரத்துப்போயிருந்தன.

"போ பிள்ள, கடைசியாவது ஒண்ணாவது" என்று அதட்டினேன். துணியைப் பிரித்ததும் பானையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினேன்.

கிளேஸ் என்பது பானை மேல் பூசும் கண்ணாடிப் பூச்சு. சுடும்போது அது சரியாக ஒட்டாமல் சுருண்டு முத்து முத்தாகத் திரண்டுவிட்டால் எங்கள் தொழிலில் அதற்குக் கிராலிங் என்று பெயர். கம்பெனியில் அப்படி வந்த பீஸை உடைத்துப் போட்டுவிடுவோம். இவள் அந்தக் கோளாறையே பிடித்துப் பழக்கியிருந்தாள். உள்பக்கம் வழவழவென்று ஒரே பூச்சு. வெளியே கழுத்திலிருந்து அடிவரை கிளேஸ் துளித்துளியாக நின்றது. சாரலில் வைத்து எடுத்த பானை மாதிரியே இருந்தது. விரல் வைத்தால் உலர்ந்த கண்ணாடி. நானே இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

"இதை எப்படிட்டி செஞ்ச?"

"நாப்பது தடவ கெட்டுப்போச்சுக்கா. பெறவுதான் கைக்குப் படிஞ்சுது."

எத்தனையோ வருஷ சர்வீஸில் அப்படி ஒரு சரக்கை நான் பார்த்ததில்லை. விருது அவளுக்குத்தான் என்று எனக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

3. என்ன க்ளைமேட் சார் இது!

அன்று காலை நானே பானைகளை நிரப்பினேன். நானே நாளிதழ் விரித்தேன். ஜன்னல் எல்லாவற்றையும் இழுத்துச் சாத்தினேன். சீசன் நாளில் இந்தப் பக்கம் காற்று எந்நேரமும் சாரலைக் கொண்டுவரும். கொடியில் போட்ட துணி காயாது, தீப்பெட்டி உரசினால் பற்றாது. இசக்கியின் பானை ஜன்னல் ஓரத்து மேசையில் இருந்தது. கலைக்கூடம் நடத்தும் ஒரு மெட்ராஸ் அம்மா, பெங்களூர்ப் பேராசிரியர் ஒருவர், தலைவர், இந்த மூவரும்தான் நடுவர்கள். அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருக்க, நான் உலையைப் பார்க்கப் பின்னால் போனேன்.

திரும்பி வரும்போதுதான் தலைவர் கூப்பிட்டது.

ஜன்னல் இரண்டு கதவும் ஆவென்று திறந்து கிடந்தது. பேராசிரியர் அதன் முன்னால் நின்று கையை வெளியே நீட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். "என்ன க்ளைமேட் சார் இது! ஏசி எல்லாம் பிச்சை வாங்கணும்" என்றார். சாரல் அவர் சட்டையையும் நனைத்து மேசையையும் நனைத்துக்கொண்டிருந்தது.

"சார், ஜன்னலைத் தொறந்தது நீங்களா?"

"ஆமா, புழுக்கமா இருந்துச்சு."

குற்றாலத்தில், சீசனில், புழுக்கமாம்!

"சாரல் அடிச்சு நனைஞ்ச பேப்பர் சார் இது. பானை ஒழுகல. பாருங்க" என்று பானையைத் தூக்கிக் காட்டினேன். பானை உட்கார்ந்திருந்த இடத்தில் நாளிதழ் வட்டமாகக் காய்ந்து கிடந்தது. ஜன்னல் பக்கம் மட்டும்தான் ஈரம். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

மெட்ராஸ் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். "பானையே வேர்த்திருக்கே மேடம்."

"அது கிளேஸ். அதுதான் அந்தப் பொண்ணு செஞ்ச புதுமையே. தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். விரலில் ஈரம் ஒட்டியது. கிளேஸ் துளிகளுக்கு நடுவே நிஜச் சாரல் துளியும் உட்கார்ந்திருந்ததே! "ஈரமாத்தானே இருக்கு" என்று விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"இன்னொரு தடவ ஊத்தி வைப்போம். ஜன்னலச் சாத்திட்டு. சாயங்காலம் பாத்துருவோம்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து வேன் டிரைவர் வாசலில் வந்து நின்றார். இஞ்சினை அணைக்கவே இல்லை. "சார், அருவில தண்ணி ஏறிக்கிட்டே இருக்காம். இன்னும் செத்த நேரத்துல குளிக்க விடமாட்டாங்க. வாறதுன்னா வெரசலா வாங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையிலேயே காரியம் முடிந்துவிட்டது.

"ரூல்னா ரூல்தான மேடம்" என்றார் தலைவர், அதே இனிப்போடு. "ஒருத்திக்கு மட்டும் ரெண்டாவது தடவ ஊத்தினா நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க." ரிசல்ட் தாளில் மூவரும் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார்கள். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினார்கள்.

4. காய்ந்த பேப்பர்

நான் சும்மா இருக்கவில்லை. ஜன்னலைச் சாத்தி, மேசையைத் துடைத்து, புது நாளிதழ் விரித்து, பானையை விளிம்புவரை நிரப்பி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது தலைமுடிகூட நனையவில்லை. போய்ச் சேர்வதற்குள் வெள்ளம் வந்து போலீஸ் கயிறு கட்டிவிட்டதாம். மூவருக்கும் முகம் தொங்கிப்போயிருந்தது. சாயங்கால ரயிலுக்கு இன்னும் நிறைய நேரம் கிடந்தது. பஜ்ஜி வந்தது, காபி வந்தது.

"சார், வந்து பாருங்க. பேப்பர் காஞ்சி கிடக்கு" என்றேன்.

வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். தலைவர் நாளிதழின் நாலு மூலையையும் தடவிப் பார்த்தார். பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். மூவருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தார்கள் என்று இன்றைக்கு யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வருவது அதனால்தான்.

"கையெழுத்துப் போட்டாச்சே மேடம்" என்றார் தலைவர். "நல்ல பொண்ணு. அடுத்த வருஷம் போடச் சொல்லுங்க."

"அடுத்த வருஷம் போட அவ எதுல சுடுவா?"

"எல்லாத்துக்கும் நாமளா பொறுப்பு?" என்று பஜ்ஜித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் எழுந்து போய்விட்டேன். அன்று அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

விருது மெட்ராஸ்காரர் ஒருவருக்குப் போனது. அவர் சரக்கைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குச் சொந்தமாக இரண்டு உலை இருந்தது. கேடயம் வாங்கிக்கொண்டு போனவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வருஷம் முழுக்க எங்கள் கேஸ் உலை சும்மா கிடந்தது. உள்ளே பல்லி முட்டையிட்டது. "சும்மா கெடக்கத இசக்கிக்குக் கொடுப்போம் சார்" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "விருது வாங்குனவருக்குள்ளது, நாம எப்படித் தொட?" என்பதுதான் பதில்.

இசக்கியிடம் நான் போனில்தான் சொன்னேன். ஜன்னல் கதையை முழுக்கக் கேட்டாள். "சரிக்கா, கஸ்டமர் நிக்காங்க" என்று வைத்துவிட்டாள்.

5. பூச்சாடி

போட்டிக்கு வந்தவை ஒரு வருஷம் கூடத்தில் காட்சிக்கு இருக்கும். அடுத்த விருது விழா அன்று உரியவர்கள் வந்து எடுத்துப் போகலாம். இசக்கி மறுபடி எதையும் அனுப்பவில்லை. அனுப்ப அவளிடம் சுட்ட பானை இல்லை. பழையதை எடுத்துப் போக விழாவுக்கு வந்தாள், ஷோரூம் யூனிஃபார்ம் சேலையோடு.

கூடத்தில் பானை இருந்த இடம் காலி. தேடிக்கொண்டு மேடைப் பக்கம் போனோம். தலைவர் நாற்காலிக்கு முன்னால், வெள்ளைத் துணி விரித்த மேசையில், அவள் பானை நின்றது. நிறையத் தண்ணீர், அதில் சம்பங்கியும் ரோஜாவும். காலையிலேயே அலங்காரம் செய்துவிட்டார்களாம். வருகிறவர்கள் எல்லாம் அதை போட்டோ எடுத்தார்கள்.

இசக்கி மேடை ஏறினாள். பானையைக் கொஞ்சம் தூக்கி, அடியில் இருந்த துணியைத் தடவிப் பார்த்தாள்.

"நனையலயே சார்" என்றாள்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எம்மா, விழா தொடங்கப் போவுது. எறங்கு, பெறவு பேசுவோம்."

"பேச ஒண்ணும் இல்ல சார். என் பானைய எடுத்துட்டுப் போயிருதேன்."

பூவை எடுத்து மேசைமேல் வைத்தாள். பானையைச் சாய்த்தாள். தண்ணீர் முழுவதும் அந்த வெள்ளைத் துணியில் கொட்டி, தலைவர் வேட்டி வரைக்கும் ஓடியது. இப்போது எல்லாமே நனைந்தது. முந்தானையால் பானையைத் துடைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். ஒரு ஆள் தடுக்கவில்லை. வாசல்வரை நானும் கூடப் போனேன்.

நான் அந்த வருஷமே ஓய்வு பெற்றுவிட்டேன். இசக்கி இன்றைக்கும் டைல்ஸ்தான் காட்டுகிறாள். அந்தப் பானைக்குப் பிறகு அவள் ஒன்றுகூடச் சுடவில்லை. மேடையில் தண்ணீர் கொட்டியதைச் சொன்னால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். கை தட்டி என்ன? உலை கிடைத்ததா அவளுக்கு?

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். போட்டிக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உங்கள் பானை ஒழுகுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் வாசலைப் பாருங்கள். நடுவர்களுக்காக ஒரு வேன் இஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தால், பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள்.